விற்கத் தெரிந்த நண்பர்

பழைய புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் அதன் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். சில காலம் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தவனுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அச்சிட்டவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை படிகள் என்பவை அங்கேதான் இருக்கும். ஒரு புத்தகத்தின் முகப்பு வாசகனிடம் பேசுகிறது. அதன் கடைசிப் பக்கம் அந்தப் புத்தகத்துக்காக உழைத்தவர்களைப் பற்றிப் பேசுகிறது.

ஆங்கில அச்சுக்கலையின் உச்சம் என்று பலரும் சொல்லும் கெல்ம்ஸ்காட் சாசரின் கடைசிப் பக்கத்தையும் இப்படித்தான் பார்த்தேன். மூலப்படியை அல்ல, நிழற்படப் பிரதியை. 1896 மே 8ஆம் தேதி அச்சு வேலை முடிந்ததாக அந்த இறுதிக்குறிப்பு சொல்கிறது. அதில் நான்கு பெயர்கள் வருகின்றன. அச்சிட்டவர் வில்லியம் மாரிஸ். படங்கள் வரைந்தவர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். அவற்றை மரத்தில் செதுக்கியவர் ஹூப்பர். இம்மூவருக்கும் முன்னால், நூலாசிரியரான சாசரின் பெயரை அடுத்து, பதிப்பாசிரியராக எஃப். எஸ். எல்லிஸ் என்றொரு பெயர் இருக்கிறது.

எல்லிஸ் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவு வருபவர், திருக்குறளில் தோய்ந்து அதை ஆங்கிலத்தில் பெயர்த்த சென்னைக் கலெக்டர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். அவர் 1819இலேயே இறந்துவிட்டார். இவர் ஃப்ரெடெரிக் ஸ்டார்ட்ரிட்ஜ் எல்லிஸ், லண்டனில் பழைய புத்தக வியாபாரியாக இருந்தவர். மாரிஸைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தையே நிரப்பும். எல்லிஸோ பெரும்பாலும் அவற்றின் அடிக்குறிப்புகளில்தான் தென்படுகிறார். ஆனால் முப்பது ஆண்டுகளாக நீண்ட அந்த நட்பைத் தொடர்ந்து படித்து வந்தபோது, அழகான புத்தகங்கள் எப்படி உண்டாகின்றன என்பது பற்றி எனக்கிருந்த எண்ணம் கொஞ்சம் மாறிப்போயிற்று. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

எல்லிஸ் 1830இல் பிறந்தவர், மாரிஸைவிட நான்கு வயது மூத்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. பதினாறு வயதில் லண்டன் புத்தகக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு வேறொரு பழைய புத்தக வியாபாரியிடம் பணியாற்றி, நூல்களை அடையாளம் காணும் வித்தையைக் கற்றுக்கொண்டார். எந்த ஊரில் எந்த அச்சகத்தில் அச்சானது, எத்தனை தாள்கள் இருக்க வேண்டும், எது காணாமல் போயிருக்கிறது, எந்தப் பக்கம் பின்னால் செருகப்பட்டது என்பதெல்லாம் கைபட்டுத்தான் தெரியவரும். 1860இல் கோவென்ட் கார்டன் பகுதியில் சொந்தக் கடை திறந்தார். 1872இல் கடை நியூ பாண்ட் வீதிக்கு இடம் மாறியது. பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ஏலங்களில் நூல் வாங்கும் பொறுப்பு பல ஆண்டுகள் அவரிடம் இருந்தது. ஹென்றி ஹத் என்ற செல்வந்தரின் புகழ்பெற்ற நூற்சேகரிப்புக்கு 1880இல் வெளியான அட்டவணையைத் தயாரித்தவர்களிலும் அவர் ஒருவர்.

அக்காலப் புத்தக வியாபாரிகள் சிலரைப்போல எல்லிஸும் பதிப்பாளராக இருந்தார். ரோஸெட்டியின் கவிதைகளை 1870இல் வெளியிட்டவர் அவர்தான். இறந்துபோன மனைவியின் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்த கையெழுத்துப் பிரதியை ஏழாண்டுகளுக்குப் பின் தோண்டியெடுத்தார்களே, அந்தக் கவிதைகள் இடம்பெற்ற தொகுப்பு அது. ஸ்வின்பர்னின் நூலையும் வெளியிட்டார். அதற்கும் முன்னதாக, 1868இல், மாரிஸின் நெடுங்கவிதையான ‘பூலோக சொர்க்கம்’ அவர் பெயரில் வெளிவரத் தொடங்கிவிட்டது.

அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் நிறைவேறாத ஆசை ஒன்று இருந்தது. 1860களின் நடுவில் மாரிஸும் பர்ன்-ஜோன்ஸும் அந்தக் கவிதையை நூற்றுக்கணக்கான மரச்செதுக்குப் படங்களோடு ஒரு பெரும் நூலாகக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். பர்ன்-ஜோன்ஸ் நூற்றுக்கு மேல் வரைந்தும் விட்டார். செதுக்குவோரின் வேலை பிடிக்காமல் மாரிஸே உளி பிடித்துப் பல கட்டைகளைச் செதுக்கினார். சிஸ்விக் அச்சகத்தில் மாதிரிப் பக்கங்களும் எடுத்துப் பார்த்தார்கள். படத்தின் கோடுகள் தடித்திருந்தன, பக்கத்தில் நின்ற அச்செழுத்தோ மெலிந்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஏற்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. எல்லிஸ் வெளியிட்டது, அனேகமாகப் படங்களே இல்லாத சாதாரணப் பதிப்பை. அது நன்றாக விற்றது, மாரிஸைப் புகழ்பெற்ற கவிஞராக்கியது. ஆனால் அவர் மனத்தில் பார்த்திருந்த புத்தகம் அதுவல்ல. இதை எல்லிஸ் அறியாதிருந்திருக்க முடியாது. நண்பரின் தோற்ற கனவின் மிச்சத்தை வெளியிட்டவர் என்று அவரைச் சொல்லலாம்.

இதே காலத்தில் மாரிஸ் எல்லிஸின் வாடிக்கையாளராகவும் இருந்தார். இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளையும் அச்சுக்கலையின் முதல் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த நூல்களையும் தேடி வாங்கியவர் மாரிஸ். உல்ம், ஆக்ஸ்பர்க் போன்ற ஜெர்மானிய நகரங்களில் பதினைந்தாம் நூற்றாண்டில் அச்சான படநூல்கள் மீது அவருக்குத் தீராத மோகம். பிற்காலத்தில் அவற்றைப் பற்றித் தனியாகக் கட்டுரையே எழுதினார். இன்று ஒரு சொடுக்கில் உல்ம் நகரத்துப் பக்கம் நம் திரைக்கு வந்துவிடுகிறது. அன்று அந்தப் பக்கத்தைப் பார்க்க நூலகம் இருந்தது, இல்லையென்றால் புத்தக வியாபாரி இருந்தார். அச்சுக்கலைஞனாகப் போகிறவனுக்கு நூலகத்தைவிட வியாபாரியால் பயன் அதிகம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், விளக்கின் கீழ் விரித்துவைத்துத் தாளைத் தடவிப் பார்க்கலாம், மை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பின்பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.

பழைய புத்தக வியாபாரி என்றால் என் மனத்தில் வந்து நிற்பவர் வேறொருவர். எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அண்ணாச்சி ஒருவர் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். எடைக்கு வரும் காகிதத்திலிருந்து பிரித்தெடுத்து அடுக்கிய கடை அது. எனக்கென்று சில புத்தகங்களை எடுத்து கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருப்பார். விலையில் மட்டும் காலணா குறைக்கமாட்டார். அவரே விரும்பிப் படித்த புத்தகம் ஒன்றை ஒருநாள் வேறொருவருக்கு விற்றுவிட்டார். எப்படி மனம் வந்தது அண்ணாச்சி என்று கேட்டேன். “எல்லாத்தையும் நானே வச்சிக்கிட்டா இது கடை இல்ல தம்பி, குடோனு” என்றார். அப்போது அதை ஒரு வியாபாரியின் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். எல்லிஸைப் பற்றிப் படித்தபோது அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

புத்தகத்தை விற்று வாழ்கிறவன் புத்தகத்தை நேசிக்க முடியுமா என்று நம்மில் பலருக்கு உள்ளூர ஒரு சந்தேகம் உண்டு. சேகரிப்பவனை ரசிகன் என்கிறோம், விற்பவனை வியாபாரி என்கிறோம். சேகரிப்பவன் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறான். விற்பவனோ தனக்குப் பிடித்ததைத் தன் கையாலேயே இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு மறுநாள் கடை திறக்கிறான். ஒவ்வொரு நாளும் பிரிந்து பழகியவன் அவன். நேசம் குறைவாக இருந்தால்தான் அது முடியும் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

மாரிஸும் ரோஸெட்டியும் 1871இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தேம்ஸ் நதியின் மேற்பகுதியில் இருக்கும் கெல்ம்ஸ்காட் மாளிகையைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார்கள். மாரிஸின் மனைவி ஜேன் மீது ரோஸெட்டிக்கு இருந்த காதல் இலக்கிய வரலாற்றில் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. 1874இல் ரோஸெட்டி அந்த வீட்டை விட்டு விலகினார். அவர் விட்ட இடத்தில் மாரிஸோடு பங்கு வாடகைக்காரராக வந்தவர் எல்லிஸ். இருவருக்குமே பதிப்பாளராக இருந்தவர் அவர். அந்த வீட்டில் எவ்வளவு மனத்தாங்கல் மிஞ்சியிருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அங்கே எல்லிஸ் கொண்டுவந்தது மிக எளிய ஒன்று. மாரிஸுக்கு மீன்பிடிப்பதில் பைத்தியம், எல்லிஸுக்கும் அப்படியே. இருவரும் தேம்ஸில் தூண்டில் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கவிஞர், நெசவாளர், சாயமிடுபவர், ஓயாமல் பேசுபவர், சட்டென்று கோபப்படுபவர் என்றெல்லாம் சொல்லப்படும் மாரிஸோடு பேசாமல் ஒரு பகல் முழுவதும் உட்காரக் கிடைத்த நண்பர் எல்லிஸ்.

கொடுக்கல் வாங்கல் வந்தால் நட்பு கெடும் என்பது நம் பெரியவர்கள் சொல்லி வளர்த்த பாடம். இவர்களிடையே கொடுக்கல் வாங்கல் எல்லாத் திசைகளிலும் இருந்தது. எல்லிஸ் மாரிஸுக்குப் புத்தகம் விற்றார். மாரிஸின் புத்தகத்தை வெளியிட்டார். 1872இன் இறுதியில் ‘காதலே போதும்’, 1876இல் ‘சிகுர்ட்’ என்று அது தொடர்ந்தது. வீட்டு வாடகையையும் பகிர்ந்துகொண்டார்கள். அப்படியும் நட்பு கெடவில்லை. கணக்கு வெளிப்படையாக இருந்ததும் காரணமாயிருக்கலாம். ஆனால் முக்கியமான காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. மாரிஸ் உண்டாக்கிய எதிலும் எல்லிஸ் உரிமை கோரவில்லை.

1885இல் உடல்நலம் குன்றி எல்லிஸ் கடைத்தொழிலிலிருந்து ஓய்வுபெற்றார். அவருடைய கையிருப்பு சோதபீஸ் ஏலத்தில் ஏறக்குறைய 16,000 பவுனுக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளை, ஷெல்லியின் கவிதைகளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒரு சொல்லடைவைத் தொகுப்பதில் செலவிட்டார். ஏறத்தாழ ஆறாண்டு உழைப்பு, 1892இல் வெளிவந்தது. கணினி இல்லாத காலத்தில் ஒரு கவிஞனை இப்படிச் சொல் சொல்லாகப் பிரித்து அடுக்குவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது மெய்ப்புத் திருத்தியவர்களுக்குப் புரியும். தன் பெயர் பெரிதாகத் தெரியாத வேலைகளில் மகிழ்ச்சி காணும் மனம் அது.

மாரிஸின் பழைய கனவு அந்தச் சமயத்தில்தான் மறுபடி விழித்துக்கொண்டது. 1888 நவம்பர் 15ஆம் தேதி, எமரி வாக்கர் அச்சுக்கலை பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பதினைந்தாம் நூற்றாண்டு நூல்களின் பக்கங்களைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார். தாம் வாங்கிச் சேர்த்த புத்தகங்களின் எழுத்துக்கள் சுவரளவு உயர்ந்து நிற்பதைக் கண்ட மாரிஸ், சொந்தமாக அச்செழுத்து வடிக்கும் முடிவுக்கு வந்தார். வாக்கரைப் பங்காளியாக அழைத்தார். வாக்கர் மறுத்துவிட்டார். ஆனால் கடைசிவரை ஆலோசனை சொல்லத் தவறவில்லை.

பிறகு நடந்தவை அச்சுக்கலை வரலாற்றில் பிரசித்தம். வெனிஸில் 1470களில் நிக்கோலா ஜென்ஸனும் ஜாகோபஸ் ரூபியஸும் அச்சிட்ட நூல்களின் எழுத்தை மாரிஸ் ஆராய்ந்து, அதன் உட்கருத்தைப் பிடித்துக்கொண்டு தம் எழுத்தை வரைந்தார். எட்வர்ட் பிரின்ஸ் அதை எஃகில் வெட்டினார். கென்ட் மாவட்டத்தில் ஜோசப் பேச்சலர் கந்தல் துணியிலிருந்து கையால் செய்த தாள், ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து மை, ஆல்பியன் கை அச்சு இயந்திரம். 1891 தொடக்கத்தில் லண்டனின் ஹாமர்ஸ்மித்தில், தேம்ஸ் கரையோரம், கெல்ம்ஸ்காட் அச்சகம் இயங்கத் தொடங்கியது. முதல் எழுத்து வகைக்குப் பெயர் ‘கோல்டன்’. அந்த எழுத்தில் அச்சிட நினைத்த முதல் நூல் ‘கோல்டன் லெஜண்ட்’ என்ற புனிதர் சரிதை என்பதால் வந்த பெயர் அது.

அந்த நூலுக்குப் பதிப்பாசிரியர் எல்லிஸ். 1483இல் காக்ஸ்டன் ஆங்கிலத்தில் அச்சிட்ட பெருநூல். கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் இரவல் கொடுத்த மூலப்படியைப் பார்த்து எழுதிய பிரதியிலிருந்து அச்சுக்கோத்தார்கள். விற்பனைக்கு பெர்னார்ட் க்வாரிச் என்ற புத்தக வியாபாரியோடு 1890 செப்டம்பரில் ஒப்பந்தமாயிற்று. முதலில் வாங்கிய தாளின் அளவு ஒத்துவராததால் வேறொரு சிறிய நூல் முந்திக்கொண்டது. ‘கோல்டன் லெஜண்ட்’ மூன்று தொகுதிகளாக, 500 படிகள், 1892 செப்டம்பரில் அச்சாகி முடிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கெல்ம்ஸ்காட் பக்கங்களைப் பற்றிப் பேசுபவர்கள் ஓரச் சித்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள், முதலெழுத்தின் கொடிப்பின்னலைப் பற்றிப் பேசுவார்கள், விரித்த இரு பக்கங்களை ஒரே அலகாகக் கொண்டு உள் ஓரம் மிகக் குறுகியும் கீழ் ஓரம் மிக அகன்றும் அமைய வேண்டும் என்ற மாரிஸின் விதியைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சித்திரங்களுக்கு நடுவே இருப்பது ஒரு பாடம். நானூறு ஆண்டுப் பழைய ஆங்கிலம், ஒரே சொல்லுக்குப் பலவித எழுத்துக்கூட்டல், பழைய அச்சுப்பிழைகள். எது பிழை, எது அக்கால வழக்கு என்று வரிக்கு வரி ஒருவர் முடிவுசெய்தாக வேண்டும். அழகான பக்கத்தில் பிழையான வரி இருப்பது, நல்ல பாத்திரத்தில் திரிந்த பாலை ஊற்றிக் கொடுப்பதுபோல. அந்தப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தவர் எல்லிஸ். ‘கோல்டன் லெஜண்ட்’ மட்டுமல்ல, கெல்ம்ஸ்காட் வெளியிட்ட கீட்ஸ், ஷெல்லி, ஹெரிக், கோலெரிட்ஜ் கவிதைகளையும் அவரே பதிப்பித்தார்.

கடைசியாக சாசர். அச்சிடத் தொடங்கியது 1894 ஆகஸ்டில். 556 பக்கங்கள், பர்ன்-ஜோன்ஸ் வரைந்த 87 படங்கள். முதலில் 325 படிகள் என்று தீர்மானித்துப் பிறகு 100 கூட்டினார்கள். தாளில் 425, கன்றுத்தோலில் 13. வேலையை விரைவுபடுத்த 1895 ஜனவரியில் இன்னொரு இயந்திரத்தையும் இதற்கே ஒதுக்கினார்கள். பாடத்துக்கு, பேராசிரியர் ஸ்கீட் செய்திருந்த திருத்தங்களைப் பயன்படுத்திக்கொள்ள ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் அச்சகம் அனுமதி தந்தது. 1896 ஜூன் தொடக்கத்தில் கட்டுமானம் முடிந்த முதல் இரண்டு படிகள் பர்ன்-ஜோன்ஸுக்கும் மாரிஸுக்கும் வந்து சேர்ந்தன. 1860களில் மாதிரிப் பக்கங்களோடு நின்றுபோன கனவு முப்பது ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. அன்று சாதாரணப் பதிப்பை வெளியிட்ட அதே எல்லிஸ், இன்று அதன் பதிப்பாசிரியர்.

இதில் ஒரு நெருடல் உண்டு. சாசரின் தாள் படி 20 பவுன். அன்றைய தொழிலாளி ஒருவரின் பல மாதக் கூலி. தெருமுனைகளில் நின்று சோஷலிசம் பேசியவர் மாரிஸ். எல்லோருக்கும் கிடைக்காத கலை தமக்கு வேண்டாம் என்ற பொருளில் பேசியவர். அவர் அச்சகத்தின் உச்சப் படைப்பை வாங்க முடிந்தவர்கள் பணக்காரர்கள். இந்தக் கேள்வி அவர் காலத்திலேயே எழுந்தது, இன்றும் தீரவில்லை. கூலியைக் குறைக்காமல், தாளில் கலப்படம் செய்யாமல் ஒரு பொருளைச் செய்தால் அதற்கு இவ்வளவு ஆகிறது, அதை வாங்க முடியாத நிலையில் உழைப்பவனை வைத்திருக்கும் சமூகத்தில்தான் கோளாறு என்று மாரிஸின் பக்கம் நின்று வாதிடலாம். எனக்கு அந்த வாதம் பாதிதான் நிறைவளிக்கிறது. மீதிப் பாதிக்கு விடை வியாபாரியிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய புத்தக வியாபாரிக்குத் தெரியும், எந்தப் புத்தகமும் முதலில் வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை. செல்வந்தர் இறப்பார், ஏலம் வரும், நூலகம் வாங்கும். 13 கன்றுத்தோல் படிகளும் 425 தாள் படிகளும் அப்படித்தான் கைமாறின. அவற்றில் பல இன்று நூலகங்களில் இருக்கின்றன. இருபது பவுன் எந்நாளும் கையில் இல்லாத என்னைப் போன்றவனும் இப்போது அதன் பக்கங்களைப் பார்க்கிறேன்.

மாரிஸ் 1896 அக்டோபர் 3ஆம் தேதி இறந்தார். சாசர் கைக்கு வந்து நான்கு மாதங்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஜேனோடு இருவரிடம் வந்தது. ஒருவர் அச்சகத்தின் செயலாளராக இருந்த சிட்னி காக்கரெல், மற்றவர் எல்லிஸ். அச்சகத்தில் பாதியில் நின்ற வேலைகள் இருந்தன, எழுத்துக்கள் இருந்தன, செதுக்கிய கட்டைகள் இருந்தன, பெயருக்குச் சந்தையில் மதிப்பும் இருந்தது. தொடர்ந்து நடத்தியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கையிலிருந்த வேலைகளை முடித்தார்கள். மாரிஸ் அச்சகத்தைத் தொடங்கிய நோக்கம் பற்றி எழுதிய சிறு குறிப்பைக் காக்கரெல் எழுதிய வரலாற்றோடு சேர்த்து 1898 மார்ச்சில் கடைசி நூலாக அச்சிட்டார்கள். 53 நூல்களோடு கெல்ம்ஸ்காட் மூடப்பட்டது. அணிகலன் கட்டைகளின் உலோகப் பிரதிகளை அழித்தார்கள். மூல மரக்கட்டைகளை, நூறாண்டுகளுக்கு அவற்றை வைத்து எதுவும் அச்சிடக்கூடாது என்ற நிபந்தனையோடு பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒப்படைத்தார்கள்.

மாரிஸின் நூற்சேகரிப்பு 1897இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ரிச்சர்ட் பென்னெட்டுக்கு விற்கப்பட்டது. அவர் தமக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை 1898இல் சோதபீஸ் ஏலத்துக்கு அனுப்பினார். பென்னெட் வைத்துக்கொண்டதை 1902இல் அமெரிக்கச் செல்வந்தர் பியர்பான்ட் மார்கன் வாங்கினார். நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. நண்பரின் புத்தகங்களை விற்கும் பொறுப்பு, அவற்றில் சிலவற்றையாவது ஒருகாலத்தில் நண்பருக்கு விற்ற எல்லிஸின் கையிலேயே மீண்டும் வந்து சேர்ந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வேலையை அவர் தட்டிக்கழிக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

இதே ஹாமர்ஸ்மித்தில், இதே நதிக்கரையில், சில ஆண்டுகள் கழித்து இன்னொரு நட்பின் கதை நடந்தது. சாசரின் சில படிகளுக்குப் பன்றித்தோல் கட்டுமானம் செய்தது டவ்ஸ் பைண்டரி. அதன் உரிமையாளர் கோப்டன்-சாண்டர்சன், எமரி வாக்கரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு 1900இல் டவ்ஸ் அச்சகத்தைத் தொடங்கினார். ஓர அலங்காரம் எதுவும் இல்லாமல், எழுத்தின் அழகை மட்டும் நம்பி அச்சிட்டார்கள். அவர்களுடைய பைபிள் அச்சுக்கலையின் அற்புதங்களில் ஒன்று. ஆனால் 1909க்குள் இருவரும் பிரிந்தார்கள். அந்த எழுத்து, கோப்டன்-சாண்டர்சனுக்குப் பின் வாக்கரைச் சேர வேண்டும் என்று உடன்பாடு. தம் எழுத்து இன்னொருவர் கையில் போவதை அந்த முதியவரால் தாங்க முடியவில்லை. 1916 ஆகஸ்டிலிருந்து 1917 ஜனவரி வரை, இரவுகளில் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோய், ஹாமர்ஸ்மித் பாலத்திலிருந்து ஆற்றில் கொட்டினார். 2014இல் முக்குளிப்போர் அவற்றில் நூற்றைம்பது எழுத்துக்கள் வரை மீட்டார்கள்.

கோப்டன்-சாண்டர்சனை எளிதில் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த எழுத்தை நேசித்தார், அதில் பொய் இல்லை. ஆனால் நேசித்ததை விட அவருக்குத் தெரியவில்லை. கெல்ம்ஸ்காட்டும் முடிக்கப்பட்டதுதான். அங்கே பிரதிகள் அழிந்தன, மூலங்கள் நூறாண்டுப் பூட்டோடு பொதுவிடம் சேர்ந்தன. ஒன்று இருட்டில் செய்த அழிப்பு, மற்றது பகலில் எழுதிவைத்த நிறைவு. இந்த வேறுபாட்டை மனிதர்களின் குணம் என்று மட்டும் சொல்லிவிடலாம். நான் அதில் தொழிலின் கையையும் பார்க்கிறேன். நாற்பது ஆண்டுகளாகத் தன் கைக்கு வந்த அரிய நூல்களை ஒவ்வொன்றாகப் பிரிந்தவர், ஓர் அச்சகத்தையும் அப்படிப் பிரிந்துவிட அறிந்திருந்தார். படைப்பவனுக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. அதனால்தான் அவனுக்கு இப்படியொரு நண்பர் தேவைப்படுகிறார் போலும்.

எல்லிஸ் 1901 பிப்ரவரியில் இறந்தார். அவர் கடையின் பெயரும் இப்போது இல்லை. எங்கள் ஊர் அண்ணாச்சியின் கடை இருந்த இடத்தில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வந்துவிட்டது. அவர் விற்ற புத்தகங்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கும், அவற்றில் எதிலும் அவர் பெயர் கிடையாது. எல்லிஸுக்காவது மாரிஸ் தம் பெயருக்கு முன்னால் ஓர் இடம் கொடுத்து அச்சிட்டு வைத்தார்.